புழக்கடைப் பழத்தோப்பு

சங்க அங்கத்தினர்களே! திருத்தணி மலையடிவாரத்துக் கற்பாங்கான பூமியில், கோடையில் கிணறு வற்றும்போது, கனிமரம் எங்ஙனம் பிழைக்கும் என்று வினவுகிறீர்கள். சித்திரையில் யான் நட்ட மாங்கன்றுகள் பட்டுப்போயின, பிழை என்னுடையதே. ஆவணி மழையில் நடுங்கள். முருங்கையும் அகத்தியும் முதலில் வளர்ந்து நிழல் தரட்டும். அம்மறைவில் கொய்யா, எலுமிச்சை, ஒரு மா வைக்கலாம். சீத்தா கோடையில் இலையுதிர்த்துத் தண்ணீர்ச் செலவைத் தானே சுருக்கிக்கொள்ளும். அதற்கு வேலியோரமே போதும்.

கன்றுக்கு ஒரு சாண் தள்ளி, மெருகிடாத மண்குடத்தைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவையுங்கள். நீர் கசிந்து வேரைச் சேரும். சீன தேசத்தில் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே ஃபான் ஷெங்ஷி என்பார் எழுதிய விவசாய நூலில் இம்முறை காணப்படுகிறது. நம் குயவரிடமும் குடம் உண்டு.

ஐம்பது ஒட்டுக்கன்றுகளுக்கு ஒருமிக்கச் சங்கக்கடன் கேட்பது மட்டும் வேண்டாம். ஒட்டுமா நல்ல பலன் தர நான்கைந்து வருஷமாகும். தவணையோ அதுவரை காத்திராது. இவ்வருஷம் வீட்டுக்கு ஐந்து கன்று வையுங்கள். அடுத்த கோடையில் வந்து பார்க்கிறேன்.