சீலோவாம் கோபுரமும் சேர்வராயன் மலையும்

மழை பொய்த்தால் ஆண்டவர் பாடம் கற்பிக்கிறார், பிள்ளை நோயில் படுத்தால் பாடம், காப்பி விலை விழுந்தால் அதுவும் பாடம் என்று நம் பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அன்றாட வாழ்விலிருந்து விசுவாசத்துக்குப் பாடம் எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. இயேசுவே விதையையும் புளித்த மாவையும் வலையையும் காட்டித்தான் பேசினார். ஆனால் ஒருவர் படும் துன்பத்துக்கு மற்றவர் பாடம் எழுதிக் கொடுப்பது சுவிசேஷத்துக்கே விரோதம் என்கிறேன்.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் ஊரிலேயே பெரிய பாவிகளோ என்ற எண்ணத்தை இயேசு பட்டென்று மறுத்தார். மனந்திரும்பச் சொன்னார், உண்மைதான். அதை உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சொன்னார், செத்தவர்கள்மேல் தீர்ப்பாகச் சொல்லவில்லை. அடுத்த மூச்சில் ஓர் உவமை: மூன்று வருஷமாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிப்போடு என்கிறான் உடையவன். இந்த ஒரு வருஷம் விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று கெஞ்சுகிறான் தோட்டக்காரன். மரம் பிறகு காய்த்ததா? லூக்கா சொல்லவில்லை. விசுவாசித்தால் வியாபாரம் பெருகும் என்று வாக்குக் கொடுக்கிறவர்கள் இந்த உவமைப் பக்கம் அதிகம் வருவதில்லை! கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்கு இயேசு காரணம் சொல்லாமல், மண்ணில் இறங்கிச் செய்யும் வேலையைக் காட்டினார்.

நம் மலையையே பாருங்கள்: கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820-களில், ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது. அன்றிலிருந்து மார்ச், ஏப்ரலில் பூமழை தவறினால் மகசூல் அடிபடுகிறது. அதில் யாருடைய பாவம் இருக்கிறது? 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்ததே, பிரேசிலிலும் வியட்நாமிலும் விளைச்சல் பெருகியதுதான் அதற்குப் பெரிய காரணம். இங்கே கடன்பட்ட சிறு விவசாயியின் ஜெபக் குறைவு அல்ல. அரபிகா காப்பிச் செடியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு வேறு கதை. அதன் புழு தண்டுக்குள் மாதக்கணக்கில் குடைந்துகொண்டிருக்கும். இலை பழுத்து வாடும், பட்டைமேல் வரிவரியாகப் புடைப்புத் தெரியும். அந்தச் செடியைத் தேடிப் பிடுங்கி, வண்டு வெளியே பறக்கும் பருவத்துக்கு முன்பே எரித்துவிட வேண்டும். வெயில் விழும் இடத்தைத்தான் அந்த வண்டு விரும்பும். பணத்துக்காக நிழல் மரங்களை வெட்டிவிட்டு, பூச்சி வந்ததும் ஆண்டவர் சோதிக்கிறார் என்பது அவர்மேல் பழி போடுவதல்லவா?

உபத்திரவம் பொறுமையைத் தரும் என்று பவுலே எழுதியிருக்கிறாரே என்று கேட்பீர்கள். எழுதினார், அடியும் சிறையும் பட்டவர், தம் அனுபவத்திலிருந்து எழுதினார். கனி தரும் கொடியைப் பிதா கவாத்துச் செய்வார் என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறதே என்றும் கேட்கலாம். சொல்கிறது. கத்தி பிதாவின் கையில் இருக்கிறது. நம்மைக் கொடிகள் என்றுதான் சொல்லியிருக்கிறது. கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, கஷ்டம் உன்னைப் பண்படுத்தும் என்று தொழிலாளிக்கு உபதேசிக்கிற முதலாளிக்கு அந்த வசனத்தில் இடமில்லை. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு நிருபம் எச்சரிப்பது அவரைத்தான்.

அப்படியானால் உழைப்பும் மன உறுதியும் போதுமே, திருக்குறளிலேயே இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறதே, கிறிஸ்தவம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. வள்ளுவர் அங்கே துன்பப்படுகிறவனோடு பேசுகிறார். உவமையின் தோட்டக்காரனோ தானாகப் பேச முடியாத மரத்துக்காக வெட்டச் சொன்னவன் முன்னால் நின்று மன்றாடுகிறான், அதற்கான பாடுகளையும் தானே ஏற்கிறான். கிறிஸ்துவை நான் அங்கே காண்கிறேன். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களே. விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள்.

ஆகவே சபை மூப்பர்களிடமும் குருக்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். துக்க வீட்டுக்குப் போனால் இது ஆண்டவர் தரும் பாடம் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். அந்த வீட்டில் ரேஷன் வாங்க ஆள் இருக்கிறதா, தோட்டத்தில் பழம் பறிக்காமல் கிடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பாடம் ஏதாவது இருந்தால், பட்டவர்கள் சொல்லட்டும், நாம் கேட்டுக்கொள்வோம்.