மூளைப் படத்தில் கன அளவு



பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி. மட்டம் அதிற் பாதியாகக் குறைந்தால் நீரும் பாதியளவு எஞ்சியிருக்கும் என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. மலைப் பள்ளத்தாக்கு மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருத்தலின், எஞ்சும் நீர் பாதியினும் குறைவேயாகும். ஆதலால் பொறியாளர் நீர்த்தேக்கத்தைக் கிடையான அடுக்குகளாகப் பகுத்து, ஒவ்வோர் அடுக்கின் பரப்பையும் அதன் உயரத்தாற் பெருக்கிக் கூட்டிக் கொள்ளளவு காண்பர்.

இக்கணக்கே மூளையில் தோன்றும் கட்டியையும் புண்ணையும் அளக்கப் பயன்படுகின்றது. எம்.ஆர்.ஐ. கருவி, வலிய காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு, மண்டையைத் திறவாமலே மூளையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கின்றது. இதற்கு வழிகண்ட லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு இருவரும் 2003-ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு பெட்டியைக் குறிக்கும். அதன் நீளமும் அகலமும் 1 மில்லிமீட்டர், அடுக்கின் தடிப்பு 5 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அப்பெட்டி 5 கன மில்லிமீட்டர். கட்டி எல்லா அடுக்குகளிலுமாக 400 புள்ளிகளில் பரவியிருப்பின், அதன் கன அளவு 2,000 கன மில்லிமீட்டர். அதாவது 2 மில்லிலிட்டர். எல்லையைக் குறித்துவிட்டால், 3டி ஸ்லைசர், ஐ.டி.கே. ஸ்னாப் போன்ற மென்பொருள்கள் இதனை நொடியில் எண்ணித் தரும்.

இவ்வளவு நுட்பம் எதற்கு என்று கேட்பீர்கள். வலிப்பு நோயாளரின் சி.டி. படங்களிற் காணும் சிறு கட்டிகளை, வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சாண்டி, ராஜசேகர் முதலியோர் ஆராய்ந்தனர். அவற்றுட் பல காசநோயால் வந்தவையல்ல, நாடாப்புழுவின் இளம்பருவத்தால் விளைந்தவை என்று 1990-களின் தொடக்கத்தில் நிறுவினர். கட்டி 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமை அவர்கள் வகுத்த அடையாளங்களுள் ஒன்று. அத்தகைய கட்டிகள் பெரும்பாலும் நாளடைவிற் சுருங்கி மறைவன. சரியாக அளந்தமையால், வேண்டாத அறுவையும் நெடுநாட் காசநோய் மருந்தும் பலருக்குத் தவிர்ந்தன.

இனி, சுருங்குவதை அறிவது எவ்வாறு? 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை 16 மில்லிமீட்டராகக் குறைந்தால், விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கே குறைகின்றது. கன அளவிலோ ஏறத்தாழப் பாதி மறைந்துவிடுகின்றது! கண் காணத் தவறுவதைக் கணக்குக் காட்டுகின்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. எண்ணுவது பொறி, எல்லை எதுவெனத் தீர்ப்பது மருத்துவர். பொறியே எல்லை வரைந்தாலும், அதனைச் சரிபார்த்தல் அவர் கடன். கட்டியின் விளிம்பு படத்தில் மங்கலாகவே இருக்கும். அதே உருண்டையைச் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் மிகையாகக் கோடிட்டால், கன அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். நோய் வளராமலே வளர்ந்ததாகத் தோன்றும், மருந்தும் மாறிவிடக்கூடும். ஆகவேதான் இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிடுதலும், ஒவ்வொரு முறையும் ஒரே தடிப்புள்ள அடுக்குகளில் அளத்தலும் நன்முறையாகக் கொள்ளப்படுகின்றன.

இதனை நீங்களே செய்து பார்க்கலாம். ஓர் உருளைக்கிழங்கை முதலில் நீர் நிறைந்த குவளையில் இட்டு, வழியும் நீரை அளந்து வையுங்கள். பிறகு அதனை ஒரே தடிப்புள்ள வில்லைகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கட்டத்தாளில் வைத்து விளிம்பை வரையுங்கள். கட்டங்களை எண்ணித் தடிப்பாற் பெருக்குங்கள். இரு மாணவர் தனித்தனியே வரைந்து எண்ணட்டும். விடைகள் எவ்வளவு வேறுபடுகின்றன, எவ்விளிம்பில் வேறுபட்டன என்று ஆசிரியருடன் ஆராயுங்கள்.