கணிப்பொறியின் நாட்குறிப்பு

மென்பொருள்கள் ஓடும்போதே நாட்குறிப்பு ஒன்றையும் எழுதிச் செல்கின்றன. ‘இன்ன நொடியில் இன்னார் உள்ளே வந்தார், இன்ன கோப்பைத் திறக்க முயன்றேன், கிடைக்கவில்லை’ என்பன போன்ற சிறு வரிகளே அதில் இருக்கும். அதனை ‘லாக்’ என்பர். நள்ளிரவில் ஒரு வங்கியின் கணிப்பொறி நின்றுபோனால், நடந்ததை எடுத்துக் கூற அந்த வரிகளையன்றி வேறு சாட்சி பெரும்பாலும் இராது. கோடிக்கணக்கான வரிகளுள் அந்தச் சாட்சியைத் தேடியெடுக்கும் வகையில் சேமிப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு.

வணிகர் கணக்கில் குறிப்பேடு, பேரேடு என இரண்டு உண்டு. குறிப்பேட்டில் வரவு செலவுகள் நிகழ்ந்த வரிசையிலேயே ஏறும். எழுதுவது எளிது, தேடுவது கடினம். பேரேட்டில் அவை ஆள்வாரியாகப் பிரிந்து ஏறும். தேடுவது எளிது, பதிவதோ பெருவேலை. டேட்டாபேஸ் அமைப்போரின் தொல்லை முழுவதும் இவ்விரண்டிற்கும் இடையில்தான் இருக்கிறது.

1972ஆம் ஆண்டில் பேயர், மெக்கிரைட் என்னும் இருவர் வெளியிட்ட ‘பி-மரம்’ பேரேட்டைப் போன்றது. கோடிப் பதிவுகளிலிருந்து ஒன்றை நாலைந்து படிகளில் எடுத்துத் தந்துவிடும். காலவரிசையில் மட்டும் பதிந்தால் கவலையில்லை. வரிகள் பெரும்பாலும் அவ்வரிசையிலேதான் வருகின்றன. பெயர்வாரியாகவும் பிழைவாரியாகவும் தனித்தனி மரங்கள் வளர்க்கப் புகும்போதுதான் சங்கடம். ஒவ்வொரு வரிக்காகவும் அந்தந்த மரத்தில் உரிய பக்கத்தைத் தேடிச் சென்று செருக வேண்டும். நொடிக்குப் பல்லாயிரம் வரிகள் குவியுமிடத்தில் டிஸ்க் திணறிவிடும்.

1996இல் பாட்ரிக் ஓ’நீல் முதலிய நால்வர் வேறொரு முறையை வெளியிட்டனர். வரும் வரிகளை முதலில் நினைவகத்தில் வரிசைப்படுத்திச் சேர்ப்பது. நிறைந்ததும் மொத்தமாக டிஸ்கில் இறக்குவது. பிறகு அக்கட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துவருவது. கணக்கப்பிள்ளை மாலையில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் பேரேட்டிற்கு மாற்றுவதும் இதுவேயன்றோ? மின்சாரம் நின்றால் நினைவகத்தில் உள்ளவை அழியுமே என்பீர்கள். அதற்காகவே இம்முறையைக் கையாளும் டேட்டாபேஸ்கள், வந்த வரியை வந்தபடியே தனிக் கோப்பு ஒன்றிலும் எழுதி வைக்கின்றன.

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றிற்கும் மரம் வளர்ப்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. லாக்கிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ‘நேற்றிரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில்’ என்றே தொடங்கும். ஆகவே நாளுக்கொரு பகுதியாகப் பிரித்து வைத்தால் மற்ற நாட்களைத் தொடவே வேண்டியதில்லை. பழையனவற்றைக் கழிப்பதும் எளிது. வரிவரியாக அழிக்காமல், ஒரு நாளின் பகுதியை அப்படியே நீக்கிவிடலாம்.

எதை எழுதலாகாது என்பதும் இவ்வமைப்பைச் சேர்ந்ததே. 2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம், ஒரு பிழையினால் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமலே தன் உள் லாக்கில் பதிவாகிவிட்டன என்று அறிவித்தது. எவரும் திருடியதாக அறிகுறி இல்லை என்று கூறிய போதிலும், சுமார் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றும்படி அது கேட்டுக்கொண்டது. அத்தகைய வரியைப் பதியுமுன்னரே மறைத்துவிட வேண்டும். பதிந்துவிட்டால், காப்புப் பிரதிகளிலெல்லாம் அதனைத் தேடித் துடைத்தாக வேண்டும்.