அவசரக் கருத்தடை மாத்திரையின் பாதுகாப்பான பயன்பாடு



1952ஆம் ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக மேற்கொண்ட முதல் நாடு பாரதம். அத்திட்டத்தில் அவசரக் கருத்தடை மாத்திரையும் இன்று இடம்பெற்றுள்ளது. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அடங்கிய இதனை, பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை விரைவில் உட்கொள்ள வேண்டும். நேரம் செல்லச் செல்லப் பயன் குறையும்.

இம்மாத்திரை கருமுட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்துகிறது; ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தைக் கலைப்பதில்லை. இவ்வேறுபாட்டை அறியாத அச்சமும், கேட்கக் கூசும் தயக்கமும் பெண்களைக் காலங்கடத்தச் செய்கின்றன.

உட்கொண்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி ஏற்பட்டால் மீண்டும் ஒரு மாத்திரை தேவை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உண்போரிடம் இதன் ஆற்றல் குன்றும். அவர்கள் மருத்துவரை நாடுதல் வேண்டும். ஐந்து நாட்களுக்குள் பொருத்தப்படும் காப்பர்-டி இதனினும் பயன் மிக்கது. மாதவிலக்கு ஏழு நாட்களுக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை அவசியம். பின்னர் நிகழும் உறவுக்கோ, பால்வினை நோய்களுக்கோ இது காப்பாகாது.

மருத்துவர் சீட்டின்றி விற்க 2005இல் அனுமதிக்கப்பட்டது. ஆஷா பணியாளர் கருத்தடைச் சாதனங்களை வீடுதேடி வழங்கும் திட்டம் 2011இல் தொடங்கிற்று. எனினும், கிடங்கில் உள்ள இருப்பைக் கொண்டு இத்திட்டத்தின் வெற்றியை அளவிட இயலாது. மூன்றாம் நாள் முடியுமுன் மாத்திரை கேட்பவரின் கையை அடைதல் வேண்டும். அவரது மானம் காக்கும் பணியாளரும் வேண்டும். வழக்கமான கருத்தடை முறையொன்றை அவரே தேர்ந்துகொள்ள உதவுவது அடுத்த கடமையாகும்.