வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு

(அம்பத்தூரில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சாரம்)



நம் பாட்டன்மார் வட்டிக்காரனிடம் வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். எழுத்தறியாததால் ஏமாந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆனாலும் கைபேசியில் "சம்மதம்" என்ற பொத்தானை, ஒரு வரிகூடப் படிக்காமல் அழுத்துகிறார்கள். இதுவும் கைநாட்டுத்தானே?

"என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்று பையன் கேட்பான். இலவசமாய்ப் படம் காட்டும் முதலாளி எப்படிப் பிழைக்கிறான் என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டா என்ற ஒரே கம்பெனியின் சொத்து. 2024ல் விளம்பரத்தால் மட்டும் அது ஈட்டியது சுமார் 16,000 கோடி டாலர்! உன் வயது, நீ நிற்கும் இடம், உன் விருப்பம் ஆகியவைதான் அந்த விளம்பர வியாபாரத்தின் கச்சாப்பொருள்.

ஒருவன் செய்யும் தவறு அவனோடு நிற்பதில்லை. பேஸ்புக்கில் வினாவிடைச் செயலி ஒன்று வந்தது. இந்தியாவில் அதில் சேர்ந்தவர்கள் 335 பேர்தான். ஆனால், சேர்ந்தவர்களுக்கு நண்பர்கள் என்பதற்காகவே 5,62,000க்கு மேற்பட்ட இந்தியர்களின் விவரங்கள் பறிபோயிருக்கலாம் என்று 2018ல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. கடன் செயலிகளின் கதையும் இதுதான். ஒருவன் வாங்கிய கடனுக்கு அவன் போனிலுள்ள அத்தனை பேரையும் மிரட்டினார்கள். கடன் செயலிகள் பெயர்ப்பட்டியலைத் தொடக்கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022ல் விதி செய்தது. ஆனால் திருட்டுச் செயலிகள் விதியை மதிக்குமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017 ஆகஸ்ட் 24ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பெறப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023ம் ஆண்டுச் சட்டம். அதன் விதிகள் வெளியானது 2025 நவம்பரில்தான். அப்போதும், முக்கிய ஷரத்துகள் அமலாக 18 மாத அவகாசம்! சர்க்காரை நம்பிச் சும்மா இருக்கலாமா?

போனைப் பிடுங்காதீர்கள்; பிள்ளையோடு உட்காருங்கள். டார்ச்லைட் செயலிக்குப் பெயர்ப்பட்டியல் எதற்கு என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்பவனுக்கெல்லாம் கொடுக்கலாகாது. ஏமாந்துவிட்டால் அடிக்காதீர்கள், 1930க்குப் போன் செய்யுங்கள். அடிக்குப் பயந்து மறைக்கும் பிள்ளையைத்தான் மோசக்காரன் மேலும் மிரட்டுவான்.

கூலியை எண்ணி வாங்கக் கற்றோம். கைநாட்டு வைக்குமுன் படிக்கவும் கற்பிப்போம்!