கட்டிய சாரத்தை அவிழ்ப்பது யார்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரத்தம் உறைதலை நடத்தும்போது வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "எங்க தாத்தாவுக்குச் சுகர், கால் புண் ஆறவே இல்ல. சுகர் இருந்தா ரத்தம் உறையாதா?" ஆசிரியர் அறையிலும் இதே எண்ணம் உண்டு. உண்மை நேர்மாறானது. புண் ஆறாமல் போவதற்கு நரம்புப் பாதிப்பும், இரத்த ஓட்டக் குறைவும், கிருமித்தொற்றும் காரணம். சர்க்கரை நோயில் இரத்தம் எளிதாக உறைகிறது. உறைந்தது எளிதில் கரைவதில்லை. இந்தக் கரையாமை பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ஃபைப்ரினோஜன் ஃபைப்ரின் வலையாகிறது, அதில் அணுக்கள் சிக்குகின்றன என்பதோடு நாம் பாடத்தை முடித்துவிடுகிறோம். கட்டடம் எழுப்பச் சாரம் கட்டினால், வேலை முடிந்ததும் அவிழ்க்க வேண்டாமா? உடலில் அவிழ்க்கும் ஆள் பிளாஸ்மின் என்ற நொதி. அது பிளாஸ்மினோஜன் என்ற பெயரில் இரத்தத்தில் செயலற்றுச் சுற்றிக்கொண்டிருக்கும். இரத்தக் குழாயின் உட்சுவர் செல்கள் வெளியிடும் டி.பி.ஏ. என்னும் பொருள் அதைத் தட்டி எழுப்புகிறது. அந்த டி.பி.ஏ.வின் கையைப் பிடித்து நிறுத்துவதற்கு பி.ஏ.ஐ.-1 என்ற புரதம் இருக்கிறது. அதுவும் தேவைதான், இல்லாவிட்டால் காயத்தில் உறைந்தது சீக்கிரமே கரைந்து மறுபடியும் இரத்தம் கசியும். அளவு மீறும்போதுதான் ஆபத்து.

மீறுவதற்குப் பெரிய காரணம் தொப்பை. கொழுப்பைச் சேமிப்புக் கிடங்கு என்றே நாம் படித்தோம். ஆனால் கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை, பல பொருள்களைச் சுரக்கிறது. அவற்றில் ஒன்று இந்த பி.ஏ.ஐ.-1. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, இரத்தத்தில் இதன் அளவும் ஏறுகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலில் இன்னும் கூடுகிறது. அதனால் எடை பார்ப்பதோடு நிறுத்தாமல் அளவு நாடாவையும் எடுங்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது எல்லை.

சர்க்கரை தன் பங்குக்கு வேறொன்று செய்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை நம்மில் பலரும் செய்திருப்போம். ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் அளவு அது. அதேபோல் ஃபைப்ரினோஜனிலும் சர்க்கரை ஒட்டுகிறது. அப்போது உருவாகும் வலை நெருக்கமாக அமைகிறது. மீன்வலை இருக்க வேண்டிய இடத்தில் கொசுவலை! பிளாஸ்மின் உள்ளே புகுந்து அறுக்கத் திணறுகிறது. வகுப்பில் இரண்டு வலைத் துண்டுகளைக் காட்டினால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

பி.ஏ.ஐ.-1 நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில்தான் உச்சம். மாரடைப்பு காலை வேளையில் அதிகம் நேர்வதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். நம் காலைப் பொழுது எப்படிப் போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் மாத்திரையை மறந்து, இறைவணக்கக் கூட்டத்தில் நெஞ்சு கனத்தாலும் "வாயுத் தொல்லை" என்று சோடா வாங்கிக் குடிக்கிறோம்!

நல்ல செய்தியும் உண்டு. எடை குறைந்தால் பி.ஏ.ஐ.-1 இறங்குகிறது. வேகமாக நடக்கும்போது குழாய்ச் சுவர் கூடுதலாக டி.பி.ஏ. வெளியிடுகிறது. வகுப்பில் நாள் முழுதும் நிற்கிறோமே என்பார்கள், நிற்பது நடப்பதாகாது.

பக்கவாதத்தில் மூளைக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்க மருத்துவர்கள் ஊசியாகப் போடுவதும் இதே டி.பி.ஏ.தான், ஆய்வகத்தில் தயாரித்தது. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆகவே வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நாமாக ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அது கட்டியைக் கரைப்பதும் இல்லை, கசிவாக இருந்தால் கேடும் செய்யும். 108ஐ அழையுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி, கூடப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.