சிமிட்டித் தரைகளும் அவற்றின் மேற்பூச்சும்



கிராமச் சங்கமொன்று பல்லாண்டு சேர்த்த பொருளில் பெரும்பகுதி கிடங்கு கட்டுவதில் செலவாகின்றது. சுவரையும் கூரையையும் குறித்து நிர்வாக சபையார் பலமுறை கூடி ஆலோசிப்பர். தரையைக் குறித்து ஆலோசிப்பவர் சிலரே. நெல் மூட்டை கிடப்பதும், உரத்தின் உப்பு அரிப்பதும், பால் சிந்துவதும் தரையில்தான். இக்காலத்தில் சிமிட்டித் தரைமீது கண்ணாடிபோல் மின்னும் பூச்சு பூசித் தருவதாகக் கூறிப் பட்டணத்து ஒப்பந்தக்காரர் கிராமங்களுக்கும் வருகின்றனர். அப்பூச்சு எவ்விடத்துக்கு ஏற்றது, எவ்விடத்தில் சங்கப் பணம் பாழாகும் என்பதை, இவ்வகைத் தரைகள் நெடுநாளாகப் புழங்கிவரும் சென்னையின் தென்பகுதியைக் கொண்டு ஆராய்வது நலம்.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் செங்காவித் தரையை இன்றும் காணலாம். கொத்தனார் ‘ரெட் ஆக்ஸைடு’ என்று சொல்லும் இரும்புத் துருப்பொடியைச் சிமிட்டியுடன் கலந்து, அடித்தளம் முற்றும் இறுகுமுன்னரே அதன்மேல் மெல்லியதாகப் பரப்பிக் கரண்டியால் இழைத்து இழைத்து மெருகேற்றுவர். பல நாள் நீர் கட்டி வைத்து, பின் தேங்காயெண்ணெய் தடவித் தேய்ப்பர். இரண்டு தலைமுறை நடந்தும் கெடாத தரைகள் அவற்றுள் உண்டு. இதன் காரணம் பலர் அறியாதது. அந்தச் சிவப்பு தரைமேல் ஒட்டிய தோலன்று. தரையோடு ஒன்றாக இறுகிய மேற்பாகமே. பூமியினின்று ஏறும் ஈரம் நுண்துளைகள் வழியே மெல்ல வெளியேறிவிடும். உரிவதற்கு அங்கே ஏதுமில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துச் சலவைக்கல்போல் மெருகிட்ட சென்னைச் சுதைச் சுவரின் மரபும் இத்தகையதே.

இந்தியாவிலேயே போர்ட்லண்டு சிமிட்டி செய்ய முதன்முதல் முயன்ற இடமும் சென்னைதான் என்பதை இங்கே சொல்லலாம். 1904-ம் ஆண்டில் கிளிஞ்சலைக் கொண்டு அம்முயற்சி தொடங்கப்பெற்று, நிலைக்காது போயிற்று. திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும் அதே 1904-ல்; அது நிலைத்தது.

தியாகராய நகரின் விஷயம் வேறு. சர் பிட்டி தியாகராய செட்டியார் பெயர் தாங்கிய அப்பகுதி, 1920-களில் பழைய நீண்ட ஏரியின் நிலத்தைத் தூர்த்து உண்டாக்கப்பட்டது. அங்குள்ள பெருங்கடைகளின் சரக்கறைகளிலும், வாகனம் நிறுத்தும் கீழ்த்தளங்களிலும் நாள்தோறும் தள்ளுவண்டிகள் உருளுகின்றன, எண்ணெய் சொட்டுகின்றது. மெருகிட்ட காவித்தரை இவ்வுழைப்பைத் தாங்காது. வெறுஞ்சிமிட்டியோ தேய்ந்து புழுதி கிளப்பும். இவ்விடங்களுக்கு உரியது எபாக்ஸி என்னும் பிசின் பூச்சு. 1930-களிலும் 40-களிலும் சுவிட்ஸர்லாந்திலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்ட பொருள் இது. பிசின் ஒரு டப்பியிலும் இறுக்கி மற்றொரு டப்பியிலும் வரும். இரண்டையும் கலந்தவுடன் ரசாயன மாறுதல் தொடங்கிக் கடினமாகிவிடும். வர்ணம்போல் மெல்லியதாகவும் பூசலாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தானே பரவி மட்டமாகும் வகையும் உண்டு. பொருத்தில்லாத தரையாதலால் அழுக்குத் தங்க இடமில்லை. வைத்தியசாலைகளும் பரிசோதனைச் சாலைகளும் இதனை விரும்புவது அது பற்றியே.

ஆனால் இது தோலாகும். தோலுக்குக் கீழே ஈரம் இருந்தால் என்ன நேரும் என்பதை அடையாற்றுப் பக்கத்தை வைத்து விளக்கலாம். கூட்டுறவு முறையில் வீடு கட்டுவதற்கெனச் சென்னையில் ஏற்பட்ட சங்கம் 1940-களின் இறுதியில் வகுத்த காந்தி நகர் அங்கேதான் ஆற்றங்கரையை அடுத்து உள்ளது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் பெருமழை பெய்து, செம்பரம்பாக்கம் ஏரியினின்று விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டபோது, அடையாற்று வெள்ளம் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். தளத்துக்குள் சென்ற நீர் அவ்வாறன்று. மேலே உலர்ந்து வெளுத்த தளம் உள்ளே பல வாரம் ஈரமாயிருக்கும். அதனை மூடி எபாக்ஸி பூசினால், ஈரம் ஆவியாக மேலெழும்பிப் பூச்சின் அடியில் தேங்கும். அதனோடு வந்த உப்பு அங்கே படிகமாகும். பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரியும். வெள்ளம் காணாத ஊரிலும், தளத்தின் அடியில் பாலிதீன் விரிப்பு இடாமல் ஈரமண்மீதே கான்கிரீட் போட்டிருந்தால் முடிவு அதுவே. ஒப்பந்தக்காரர் பூச்சின் தரத்தைப் பற்றி எவ்வளவு பேசினும், அடித்தளத்தைப் பற்றிப் பேசாராயின் அவரிடம் வேலையை ஒப்பிக்கலாகாது.

ஈரத்தைச் சோதிக்கும் வழி எளிது, செலவும் இல்லை. பதினெட்டு அங்குலச் சதுரமான தெளிந்த பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டிவிட வேண்டும். பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துப் பின் எடுத்தால், தாளின் அடியில் நீர்த்துளி படிந்திருப்பினும், தரை கறுத்திருப்பினும் பூசும் காலம் வரவில்லை. பெரிய கிடங்காயின் பல இடங்களில் வைத்துப் பார்த்தல் முறை. நிர்வாக சபையார் இருவர் உடனிருந்து பார்த்தல் அதனினும் முறை. மற்றொரு சோதனை: தரையில் சில துளி நீர் விட்டால் அது உள்ளே உறிஞ்சப்பட வேண்டும். முத்துப்போல் உருண்டு நின்றால் எண்ணெயோ மெழுகோ துளைகளை அடைத்திருக்கின்றது என்று அறியலாம். புதுக் கான்கிரீட்டுக்கு இருபத்தெட்டு நாளாவது கொடுத்தே ஆகவேண்டும். அதன் மேற்புறத்தில் பாலாடைபோல் படிந்த வலுவற்ற சிமிட்டிப் படலத்தை இயந்திரக் கல்லால் தேய்த்து நீக்காமல் பூசுவது, புழுதிமேல் பூசுவதற்கு ஒப்பாகும். சென்னையிலும் கிராமத்திலும் கெட்டுப்போகும் பூச்சுக்களிற் பல, பொருளின் குற்றத்தால் அல்ல, இத்தேய்ப்பு வேலையைக் குறைத்ததாலேயே கெடுகின்றன. தேய்ப்புக்கு ஆகும் கூலி கண்ணுக்குத் தெரியாத செலவாதலால் முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

இனி, சங்கத்துக்கு எங்கே தேவை? நெற்களத்துக்கு வேண்டா. எபாக்ஸி வெயிலில் மஞ்சளித்து மாவுபோல் உதிரும். திறந்த வெளிக்கு நன்கு நீர் கட்டி இறுகிய வெறுங்கான்கிரீட்டே போதும். புழுதி எழும்பினால், சிலிகேட் கரைசல் தெளிக்கலாம். அது கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்புடன் சேர்ந்து மேற்பரப்பைக் கெட்டியாக்கும், தோலாக நில்லாது. உரக் கிடங்குக்குப் பூச்சு அவசியம். அம்மோனிய உப்புக்கள் கான்கிரீட்டை அரிப்பவை. நெற்கிடங்குக்குப் பூச்சு உதவும், ஆயினும் மரச்சட்டத்தின்மேல் மூட்டை அடுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாகாது. பால் கொள்முதல் நிலையத்துக்குச் சற்று அதிக விலையாயினும் பாலியூரித்தேன் கலந்த சிமிட்டித் தளமே சிறந்தது; புளித்த பாலின் அமிலத்தையும் கழுவும் வெந்நீரையும் அது தாங்கும். அங்கே கால் வழுக்காதபடி ஈரப்பூச்சின்மேல் சன்னமான மணல் தூவச் சொல்லவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேலை தொடங்கலாகாது. காற்றின் ஈரத்தால் பூச்சின்மேல் வெண்மை படரும். மாசிக்குப் பின் செய்வது நன்று. ஆனால் கோடையின் உச்சி வெயிலில் கலவை விரைவில் இறுகுமாதலால் காலையிலேயே பூசவேண்டும். இரு டப்பிகளையும் முழுமையாகக் கலக்க வேண்டும். கண்ணளவில் பாதி பாதியாகப் பிரிப்பதால் சில இடம் என்றும் பிசுக்காகவே நின்றுவிடும். இறுக்கி உடம்பில் பட்டால் தடிப்பு உண்டாகும். வேலையாட்களுக்குக் கையுறை வாங்கும் செலவையும், கதவு சன்னல்களைத் திறந்துவைக்கும் ஏற்பாட்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது தகும். பூசி முடிந்த மறுநாள் ஆள் நடக்கலாம். மூட்டை ஏற்றுவதற்கும் நீர் விட்டுக் கழுவுவதற்கும் ஏழு நாள் பொறுக்க வேண்டும். அறுவடைக்கு முந்திய வாரத்தில் வேலையை வைத்துக்கொள்ளும் சங்கங்கள் இவ்வேழு நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.